பஞ்சாட்சரம் கேட்ட தண்டனை

"என் தலையில மஞ்சத்தண்ணி ஊத்துங்க கவுண்டரே. அதுக்குத்தான் மெட்ராஸ்லேருந்து வந்திருக்கேன்."

களத்தில் சாமைத் தாளை உதறிக்கொண்டிருந்த ஊர்க்கவுண்டர் குப்பன், வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். பேர் பஞ்சாட்சரமாம். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் பூட்ஸ். எமர்ஜென்சியில் ஜீப்போடு வந்து ஆம்பளைகளைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு அள்ளிக்கொண்டு போனவர்களும் இப்படித்தான் பதவிசாகப் பேசினார்கள்.

"உனுக்கு எவன் சொன்னான் இத?"

"ஜமுனாமரத்தூர் சந்தையில சொன்னாங்க. தப்பு பண்ணவன் தலையில கவுண்டர் மஞ்சத்தண்ணி ஊத்திட்டா, அப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதாமே?"

"அது எங்க மலை ஜனத்துக்கு. நீ இன்னா பண்ண?"

"என்னால உசிரு போயிடுச்சு."

குப்பன் தாளைக் கீழே போட்டார். "தோ பாரு, எப்படின்னு மட்டும் சொல்லாத. நாளைக்கு சாட்சி சொல்ல என்னை இஸ்துக்கினு போவானுங்க. நேரா போலீசுக்குப் போ."

"பெரிய விசாரணையே நடந்துச்சுங்க. குத்தம் இல்லன்னு விட்டுட்டாங்க."

"அப்பிடிப் போடு! எவ்ளோ தள்ளுன?"

"ஒரு பைசா குடுக்கலை."

"நான் நம்பிட்டேன். எத்தினி பேரு செத்தாங்க?"

"நாப்பத்தியொரு பேர். அதுல ரெண்டு கைக்குழந்தை."

முறத்தோடு உட்கார்ந்திருந்த குப்பனின் மனைவி செல்லி பதறி எழுந்தாள். "இன்னும் இன்னாய்யா அந்தாளோட பேச்சு? தொரத்து!"

"எழுந்து போய்யா! உனுக்கு ஊத்துனா எங்க மண்ணே வெளங்காது."

அவன் அசையவில்லை. "நீங்களும் விட்டுட்டா நான் எங்க போவேன்? பொண்டாட்டிகூட ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கிறா."

குப்பனுக்குப் பொறுக்கவில்லை. கேட்கக்கூடாது என்றிருந்ததைக் கேட்டேவிட்டார். "வெசம் வெச்சியா? வூட்டக் கொளுத்துனியா? இன்னாதான்டா பண்ண?"

"ஏரோப்ளேனுக்கு 'எறங்கலாம்'னு சொன்னேன். கண்ணாடி ரூம்ல உக்காந்து பார்த்துச் சொல்றதுதாங்க என் வேலை. அப்ப வானம் தெளிவாத்தான் இருந்தது. சட்டுனு மேகம் மூடி, எதிர்ல இருந்த மலை மறைஞ்சிடுச்சு."

பஞ்சாட்சரம் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். "அந்த பைலட் கடைசியா என்கிட்ட சொன்னது, 'ரொம்ப நன்றி சார்'."

குப்பன் கீழே கிடந்த தாளை ஓரமாகத் தள்ளினார். பிறகு செல்லியின் பக்கம் திரும்பினார்.

"மஞ்சளக் கரைச்சி எடுத்தாம்மே."