கழுவ வாணாம் சார்

"டீ சாப்புடு சார்" என்று கிளாஸை நீட்டியவனைப் பார்த்ததும் ஞானதுரை ஓரடி பின்வாங்கினார். கிரீஸ் அப்பிய அந்த முகம் ஒன்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை. அம்புரோஸ்!

டோல்கேட்டில் கைராசியான மெக்கானிக் ஒருவன் இருக்கிறான் என்று டிரைவர் காஜா மொய்தீன்தான் காரை ஆயில் மாற்ற இங்கே விட்டிருந்தார். ஷெட் யாருடையது என்று அவருக்கென்ன தெரியும்? வேறு இடம் போகலாமென்றால் பழைய ஆயிலை வடித்தாகிவிட்டது. தட்டில் அது தார் மாதிரிக் கட்டி கட்டியாகக் கிடந்தது.

ஞானதுரை டீயைத் தொடவில்லை.

அறுபத்திரண்டாம் வருடம் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் அவர் லாரி ஷெட் சூப்பர்வைசர். அம்புரோஸ் அங்கே மெக்கானிக். பிரேக் சரியில்லை, இந்த லாரியை வெளியே விடாதீர்கள் என்று அவன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இவர் கேட்கவில்லை. ராயபுரம் பாலத்து இறக்கத்தில் லாரி ஒரு மீன்காரி மேல் ஏறிவிட்டது.

"பிரேக் நல்லா இருக்குன்னு இவன்தான் சொன்னான்" என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார் ஞானதுரை. அம்புரோஸுக்கு ஒரு வருடம் ஜெயில். அவன் உள்ளே இருக்கும்போதே அவன் அப்பா செத்துப்போனார். காசிமேட்டுக் கல்லறையில் ஒரு பிடி மண் போடக்கூட அவனால் வர முடியவில்லை.

"வண்டி தூரமா போவுதா சார்?" என்றான் அம்புரோஸ்.

"நெல்லூரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் நெல்லூரில் நேரில் போய் டெண்டர் கொடுக்க வேண்டும். அதை நம்பித்தான் வேலையை விட்டிருந்தார். வீட்டை அடகு வைத்து ஆறு லாரி வாங்கியிருந்தார்.

பேச்சை மாற்ற, "புது ஆயில் ஊத்துறதுக்கு முன்ன எஞ்சினைக் கழுவுவேல்லா?" என்றார்.

அம்புரோஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"கழுவ வாணாம் சார். பழைய எஞ்சினு. உள்ளாற வருசக்கணக்கா கசடு ஒட்டிக்கினு கீது. கழுவுனா அதெல்லாம் பேந்துக்கினு வந்து ஆயில் போற சல்லடைய அடைச்சிக்கும். அப்பால எஞ்சினே புடிச்சிக்கும். அப்பிடியே புது ஆயில ஊத்திக்கினு போ. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா மாத்து, கொஞ்சம் கொஞ்சமா தானா சுத்தமாயிடும்."

ஞானதுரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அழுக்கைக் கழுவாதே என்று எந்த மெக்கானிக்காவது சொல்வானா? அந்தக் கசடில் புது ஆயிலும் கெட்டு, வண்டி நடுரோட்டில் நிற்க வேண்டும். அதற்குத்தான் பயல் அடிபோடுகிறான்.

"ஏலே, என்னைய என்ன கிறுக்கன்னு நெனச்சியா? கழுவுல!"

"இல்ல சார், நான் சொல்றது..."

"ஒண்ணுக்கு ரெண்டு தடவ கழுவு. நான் இங்கனயே நின்னு பாப்பேன்."

அம்புரோஸ் அதற்கு மேல் வாதாடவில்லை. "பாய், கேட்டுக்கினியா? சார் சொல்லித்தான் கழுவுறேன்" என்று காஜா மொய்தீனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினான்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றினான். கறுப்பாகக் கொட்டியது. இரண்டாவது தடவையும் கழுவினான். புது ஆயில் டின்னை ஞானதுரையே கடையில் வாங்கிவந்து தன் கையாலேயே உடைத்துக் கொடுத்தார். வண்டி பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. வீடு போகும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. காஜா மொய்தீன் ஓரம் கட்டுவதற்குள் கடகடவென்று ஒரு சத்தம். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

பக்கத்து ஊரிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினுக்கு அடியில் இருந்த ஆயில் தொட்டியைக் கழற்றினான். சல்லடை முழுக்கக் கறுப்புக் கசடு அடைத்திருந்தது. "இவ்ளோ பழைய எஞ்சினைக் கழுவச் சொன்ன புத்திசாலி யாரு?" என்று கேட்டான். ஞானதுரை டெண்டர் கவரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

வழியில் வந்த உப்பு லாரியைக் கெஞ்சி ஏறி நெல்லூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலை, காஜா மொய்தீனை இழுத்துக்கொண்டு டோல்கேட் ஷெட்டுக்குள் புகுந்தார்.

"பழி வாங்கிட்டியேல, பாவி!" என்று அம்புரோஸின் சட்டையைப் பிடித்தார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? கழுவ வாணாம்னுதானே சொன்னேன்? பாய், நீயே சொல்லு."

"ஆமாங்க மொதலாளி" என்றார் காஜா மொய்தீன், தரையைப் பார்த்தபடி.

ஞானதுரையின் பிடி தளர்ந்தது. ஆறு லாரியும் வீடும் கண்முன்னே வந்து நின்றன.

"உன் குடியக் கெடுத்தவன் நான். என்கிட்ட ஏம்ல உண்மையச் சொன்ன?"

அம்புரோஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து விலக்கினான்.

"கழுவுன்னு பொய் சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே சார்!"