சொட்டுச் சொட்டாய்ச் சகுனம்

“இன்னும் ஒழுகுதோ, மோனை?”

“ஓம் அப்பா. ரோட்டுக் குலுக்கலிலை அடி நட் இளகிப்போச்சு. இறுக்கினால் நிக்கும்.”

“சத்தமில்லாமல் இறுக்கு. முற்றத்திலை எண்ணெய் சொட்டுறதை மாப்பிள்ளையின்ரை தாய்க்காரி கண்டால், சகுனப்பிழை எண்டு சம்பந்தத்தையே விட்டுட்டுப் போயிடுவா.”

இளையதம்பி காருக்கடியில் தகரப்பேணியைத் தள்ளினார். யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் அது. அவர்கள் உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம், உழவு மெசினையே கழற்றிப் பூட்டுகிற கை வீட்டில் ஒன்று இருந்தது.

உள்ளிருந்து மாப்பிள்ளையின் தாய் குரல் கொடுத்தா.

“நல்லநேரம் முடியப்போகுது. பொம்பிளையை வரச்சொல்லுங்கோ, பாப்பம்.”

இளையதம்பி பதறிக் குனிந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மல்லிகைச் சரத்தில் எண்ணெய் சொட்ட, காருக்கடியில் மல்லாந்து கிடந்த ஜெகதீஸ்வரி கையை வெளியே நீட்டினாள்.

“வாறன் எண்டு சொல்லுங்கோ அப்பா. முதல் அந்தப் பெரிய ஸ்பானரை இஞ்சாலை தாங்கோ.”