மூணு மெட்டு

சிதம்பரத்துக் கல்லூரி இசைக்குழுவில் காலியாக இருந்தது ஒரே இடம். கடலூரிலிருந்து பேஸ் கிட்டாரோடு பஸ் ஏறி வந்த சேரன், தானே போட்ட மெட்டு ஒன்றை வாசித்தான்.

ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த வீணை மாணவி அனுப்பிரியா உற்றுப் பார்த்தாள். "மெட்டே இல்லியேப்பா!"

குழம்பிப்போய் வேறொன்று வாசித்தான்.

"தேடிப் பாத்துட்டேன், காணோம்."

மூன்றாவதை அழாத குறையாக வாசித்தான்.

"நெஜமாவே மெட்டு இல்ல."

"அக்கா, மூணு மெட்டு போட்டேங்க்கா!"

"எங்க போட்ட? என் வீணையில வெரல் வைக்க இருபத்துநாலு பித்தளை மெட்டு இருக்கு. உன் கிட்டார் கழுத்து மொழுக்குன்னு இருக்கே!"

சேரனுக்கு உயிர் வந்தது. "இது ஃப்ரெட்லெஸ்க்கா. மெட்டு இல்லாததாத்தான் தேடி வாங்கினேன்."

"வாசிப்பு பிரமாதம், உன்னைச் சேத்தாச்சு" என்றவள், பரிதாபத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "கடைக்காரன் அப்படிச் சொல்லித்தான் உன் தலையில கட்டினானா?"