பஸ்ஸின் பின்னால் ஒருத்தி

"அண்ணே, நிறுத்துங்க! ஒரு அக்கா பின்னாலேயே ஓடி வராங்க!"

விசிலை ஊதிவிட்டுக் கத்தினான் கண்டக்டர். இந்த ரூட்டில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றினார். பஸ் வேகமெடுத்தது.

"உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"நீ டிக்கெட்டைக் கிழிப்பா."

நடைபாதையில் வியர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள். "நிறுத்துய்யா!" என்று பயணிகளும் சத்தம் போட்டார்கள். டிரைவர் காதிலேயே வாங்கவில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்து பஸ் நின்றது. கண்டக்டர் அவசரமாகக் கதவைத் திறந்து, "ஏறுங்கக்கா!" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸைத் தாண்டி ஓடினாள்.

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நுழைந்தபோது, அவள் கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நான்தான்!" என்று டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். ஏறவில்லை.

கண்டக்டர் திருதிருவென விழித்தான்.

"டாக்டர் சொன்னாரேன்னு அழுதுக்கிட்டே ஓட ஆரம்பிச்சவ. இப்ப எனக்கு லீவுன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா," என்றார் டிரைவர். "நேத்து பாவம்னு கொஞ்சம் மெதுவா ஓட்டினேன். அதுக்கு, சாயந்திரம் பூரா என் பொண்டாட்டி என்கூடப் பேசவே இல்லப்பா!"