பத்து பவுண்டு நரம்பு

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"இதை வீசறாப்பல ராடு, ரீலு வேணுங்க. தூண்டில் நரம்பும் நீங்களே பாத்துக் குடுங்க."

சவுரியப்பன் அதைத் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது.

மீனை ஏமாற்றும் பொய் இரை அது. கம்பியில் சுழலும் இரண்டு பித்தளைத் தகடுகள். கீழே கொக்கியை மறைக்கும் பச்சை ரப்பர்க் குஞ்சம். சின்னத் தகட்டில் சுத்தியலால் தட்டிய ஏழு பள்ளங்கள். தண்ணீருக்குள் கூடுதலாக மின்னட்டும் என்று அவனே வீட்டில் உட்கார்ந்து தட்டியவை.

போன மாதம் குட்டையில் வீசும்போது முடிச்சு அவிழ்ந்து ஈச்சம்புதருக்குள் போய் விழுந்தது. அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல தம்பி. கெடச்சுது."

இண்டூரைத் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது அந்தக் குட்டை. ஒன்பது வருடமாக அங்கே இன்னொரு ஆளின் கால்தடத்தை அவன் பார்த்ததில்லை. தருமபுரியில் தூண்டில் கடை வைத்திருப்பவன் ஓர் இடத்தைப் பற்றி வாய் திறந்தால், அடுத்த ஞாயிறு அங்கே பதினைந்து பைக் நிற்கும். அதற்கடுத்த ஞாயிறு வலை விழும். மனைவி யுவராணியிடம்கூடத் தொப்பூர்ப் பக்கம் போவதாகத்தான் சொல்லி வைத்திருந்தான்.

இவரை யார் அனுப்பியது?

வெளுத்த வேட்டி. விரலில் கொக்கி கிழித்த தழும்பு ஒன்றுகூட இல்லை. மீன் பிடிக்கிற கை அல்ல அது.

ராடு எடுத்துக் கொடுக்கும் முன் தண்ணீரைப் பற்றிக் கேட்டாக வேண்டும். எல்லாரிடமும் கேட்பதுதான். இன்று ஒவ்வொரு கேள்வியையும் அளந்து கேட்டான்.

"ஏரிங்களா?"

"குட்டை."

"தண்ணி எப்படி இருக்கும்?"

"டீத்தண்ணி கலருங்க. நடுவுல அல்லி. கரையோரமா கோரை."

"அடியில கல்லு, கட்டை?"

"பழைய கெணறு ஒண்ணு முழுகிக் கெடக்குது. அந்தச் சுத்துக்கல்லு மேலதான் விரால் வந்து நிக்கும்."

அந்தச் சுற்றுக்கல்லைக் கண்டுபிடிக்க சவுரியப்பனுக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் உரசி எத்தனையோ நூல் அறுந்திருக்கிறது. இவர் தன் வீட்டு வாசல்படியைச் சொல்வது போலச் சொல்கிறார்.

"நின்னு வீச பின்னாடி எடம் இருக்குங்களா?"

"ஈச்சம்புதரு." பெரியவர் சிரித்தார். "என்ன தம்பி, தூண்டில் கேட்டா பொண்ணு பாக்க வந்தாப்பல விசாரிக்கறீங்க? வூட்டுல எத்தன பேருன்னு கேக்கறதுதான் பாக்கி."

சவுரியப்பன் சிரிக்கவில்லை.

பக்கச் சுவரில் சாய்த்திருந்த ராடுகளுக்குள் அவன் கை தானாகச் சரியானதில் போய் நின்றது. ஆறரை அடி. பின்னால் புதர் இருக்கிற இடத்தில் அதற்கு மேல் நீளம் ஆகாது. தகடு சுழலும் தூண்டிலுக்கு விறைப்பான ராடும் உதவாது. மீன் கவ்வும்போது கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் கொக்கி வாய்க்குள் போய்ச் சேரும். ராடில் அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

நரம்பில் முடிந்தது.

அல்லித் தண்டுக்கும் அந்தக் கல்லுக்கும் நாற்பது பவுண்டு தாங்கும் பின்னல் நூல் வேண்டும். அவன் மேசைக்குள்ளிருந்து பத்து பவுண்டு நைலான் நரம்பை எடுத்தான். முதல் விராலே அறுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு தடவை அறுந்தால் மனிதர் வெறுத்துப்போவார். குட்டை தப்பிக்கும்.

"சன்னமா இருக்குதே, போதுங்களா?"

"தாராளமா தாங்கும்."

ரீலில் சுற்றத் தொடங்கினான். பெரியவர் நரம்பு போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவணி பொறந்தா குட்டைய மூடிருவாங்க," என்றார். "பசங்க மனை போடறாங்க."

"யாரு பசங்க?"

"எம் பசங்கதான். எங்க காடுங்க அது."

சவுரியப்பனின் கை நின்றது.

"ஒம்பது வருசமா அங்க ஒருத்தர் மீன் புடிக்க வராரு தம்பி. மொகத்த நான் பாத்ததில்ல, முதுகுதான். எடது தோளு ஒரு சுத்து எறங்கி இருக்கும். கைய வீசினாருன்னா, கல்லு மேல போய்ச் சொட்டுனு விழும். அதப் பாக்கவே மரவள்ளிக்குள்ள போய்க் குந்திக்குவேன். கூப்புட்டா அப்புறம் வராமப் போயிருவாரோன்னு கூப்புட்டதே இல்ல." அவர் ராடை எடுத்து, கூச்சத்தோடு லேசாக ஆட்டிப் பார்த்தார். "மூடறதுக்குள்ள அவரு நிக்கற எடத்துல நின்னு நானும் ஒருக்கா வீசிப் பாத்துரணும். ஒண்ணே ஒண்ணு மாட்டினாப் போதும்."

சவுரியப்பன் ரீலில் சுற்றிய நரம்பைக் கத்தரித்தான்.

"இது வேணாங்க. அறுந்துரும்."

"இப்பத்தான தாங்கும்னீங்க?"

பின்னல் நூல் அவனுக்குப் பின்னால், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பெரியவர் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றான்.

பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேல்தட்டை நோக்கிக் கையை உயர்த்தினான்.

பின்னால் பெரியவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.