கால் அசைந்தால் கேட்கிறேன்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், டாக்டரம்மா."

"மறுபடி ஒழுங்கா நடப்பேனான்னுதானே? இந்த ரூமுக்கு வர்ற எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

அந்த இளைஞன் தயங்கினான். "கால் நல்லபடியா இருந்தா கேக்கறேன். இல்லேன்னா கேக்கவே மாட்டேன்."

காலையில் நடந்த அந்தப் பேச்சு, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரம்மாவின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவனுக்கு இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில், காலுக்கு இறங்கும் நரம்பின் உறையில் ஒரு கட்டி. அபூர்வமானது. முதுகுவலி என்று சொல்லியே பலரும் மாத்திரை கொடுத்துக் காலத்தை ஓட்டியிருந்தார்கள்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். திரையில், கட்டியின் மேல் நரம்பிழைகள் நூல் நூலாகப் படர்ந்திருந்தன. தவறான இழையை வெட்டினால் பாதம் தொங்கிப்போகும்.

டாக்டரம்மா ஒவ்வோர் இடமாக மெல்லிய மின்முனையால் தொட்டார்; காலை இயக்கும் இழை என்றால் பாதம் அசையும். பச்சைத் துணிக்கு அடியில் நோயாளியின் பாதத்தைப் பிடித்திருந்தாள் உதவி டாக்டர். டாக்டரம்மாவின் ஒரே மகள்.

"அசையுதா?"

"அசையுது. அங்கே வெட்டாதீங்கம்மா!"

"தியேட்டர்ல என்னடி அம்மா? சரி, இங்கே?"

"அசையலை, டாக்டர்."

அந்த இடத்தில் உறையைக் கீறினார். ரத்தம் கசிந்து திரை சிவந்தது. காலருகே குனிந்த நர்ஸ் பதறினாள்.

"டாக்டர், சுண்டுவிரல் மடங்கியிருக்கு!"

டாக்டரம்மாவின் கை உறைந்தது. "ஐயோ, நரம்பை இழுத்துட்டேனா?"

"இல்லை, இல்லை. அந்த விரல் எப்பவுமே அப்படித்தான். நீங்க செய்யுங்க." மகள் அவசரமாகச் சொன்னாள்.

ரத்தம் அடங்கியது. கட்டி முழுதாக உரிந்து வந்தது. நரம்பு பார்வைக்கு அப்படியே இருந்தது. ஆனால் பார்வையை நம்பி என்ன செய்ய?

மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் டாக்டரம்மா மகளோடு அவன் கால்மாட்டில் போய் நின்றார்.

"பாதத்தை மேலே தூக்குங்க, தம்பி."

அசையவில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முயற்சி பண்ணுங்க. தூக்குங்க!"

கட்டைவிரல் துடித்தது. பிறகு பாதம் முழுவதும் மெல்ல நிமிர்ந்தது.

"அப்பாடா!" டாக்டரம்மா பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "நடக்கறதென்ன, ஓடவே செய்வீங்க. இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு."

வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு அவன் மகளைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினாள்.

"இனிமே உங்களை அத்தைன்னு கூப்பிடலாமா?"