ஆசிக் கோப்பை

சித்தப்பா கோப்பையை நீட்டியதுமே மன்சிக்கின் இரண்டு கைகளும் தாமாக முன்னே போய் வாங்கிக்கொண்டன.

பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பழைய முறை மாறாத ஆந்தோங் ஊர்ப் பிள்ளைக்கு நடை வருவதற்கு முன்பே இது வந்துவிடும். வேண்டாம் என்று சொல்வதற்காக ஒரு வாரமாக மனதுக்குள் உருப்போட்டு வைத்திருந்த வாக்கியம் பிந்திப்போயிற்று.

கோப்பை நிறைய அரிசி மது. அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்து, ஊதுவத்திப் புகையில் மூன்று முறை சுற்றி, எல்லோரும் விழுந்து வணங்கி எடுத்தது. சுசோக் என்னும் அறுவடைத் திருநாளின் காலை. படைத்த மதுவை முதலில் மூத்த மகன் குடிக்க வேண்டும், அதில் முன்னோரின் ஆசி இருக்கிறது. அவன் குடித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். சியோலிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த உறவுக்கூட்டம் பசியோடு காத்திருந்தது.

மன்சிக் குடிநோய் மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கழிந்திருந்தன. மனைவி போன மாதம்தான் மகளோடு திரும்பி வந்திருந்தாள். ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சொன்னால் செய்கிறவள். இப்போது அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, சாமியாராயிட்டியா? மொட்டையக் காணோமே!" என்றார் சித்தப்பா. "இது சாராயம் இல்லடா, உங்கப்பன் ஆசி. ஒரே வாய். ஆசியக் குடிச்சுக் கெட்டவன் எவனாவது உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தப்பா நல்ல மனிதர். சின்ன வயதில் அவர் வந்தால்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மன்சிக்குக்கு முதல் வாய் கொடுத்தவரும் அவர்தான். இதேபோல் ஒரு சுசோக் காலையில், குடிப்பதைப் பெரியவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தார். அப்போது அவனுக்குப் பதினோரு வயது.

அந்த ஒரு வாயில் தலைக்குள் இருந்த இரைச்சல் எல்லாம் அடங்கிவிட்டது.

அப்படி ஓர் அமைதி உலகத்தில் இருக்கிறது என்றே அதுவரை அவனுக்குத் தெரியாது. தெருமுனையில் அப்பாவின் காலடி கேட்டதும் தங்கையை இழுத்துக்கொண்டு மெத்தைகள் வைக்கும் அலமாரிக்குள் ஒளிகிறவன் அவன். அந்தக் காலடியை வைத்தே இன்றைக்கு யாருக்கு அடி என்று சொல்லிவிடுவான்.

மருத்துவமனையில் டாக்டரம்மா சொன்னார். மூளைக்குள் அவரைக்கொட்டை அளவில் ஓர் இடம் இருக்கிறது, காவல் நாய் மாதிரி. சின்ன வயதில் ஓயாமல் அடி விழுந்தால் அது ஓயாமல் குரைக்கப் பழகிவிடும். அடித்தவர் மண்ணாகிப் போன பிறகும் குரைக்கும். "நீங்க அதுக்குச் சாராயத்த ஊத்தித் தூங்க வெச்சிருக்கீங்க. நிறுத்தினா முன்னவிட ஜாஸ்தியாக் குரைக்கும். பயந்துடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்."

வார்டில் மற்றவர்கள் தங்கள் தங்கள் அப்பன்மார் குடித்த கதையைச் சொல்லிவிட்டு, உனக்கும் அதே கதைதானே என்பார்கள். மன்சிக் தலையாட்டி வைப்பான்.

இப்போது நாய் குரைத்தது. மதுவின் வாசனை மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. அதை நினைத்து அவனுக்கே அவமானமாக இருந்தது.

"குடிடா, சூப் ஆறுது."

"வேண்டாம்."

அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கோப்பையை மேசைமேல் வைத்தான். ஆனாலும் அத்தைமார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தங்கை சீவிக்கொண்டிருந்த பேரிக்காயைக் கை தவறிக் கீழே விட்டாள்.

வாசலில் மனைவி மூச்சு விட்டது கேட்டது. ஜெயித்துவிட்டான்.

முதலில் தேறியவர் சித்தப்பாதான். தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படியே எங்கண்ணன்டா! அதே குரல், அதே மொறைப்பு! என்னைய வளத்தவரு, எனக்குத் தெரியாதா? சாகற வரைக்கும் ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல!"

அத்தைமார் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பா தலைமையாசிரியர், ஊரே எழுந்து நின்று வணங்கிய மனிதர்.

உண்மைதான். அப்பா குடித்ததே இல்லை. நல்ல தெளிவோடு, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அடிப்பார். குடித்துவிட்டு வரும் சித்தப்பாதான் பாடுவார், தோளில் தூக்கிக்கொள்வார். தெளிந்த மனிதனைக் கண்டால்தான் ஓட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு பையன் படித்துக்கொண்டான். இத்தனை வருடமும் குடித்துக் குடித்து அவன் தப்பித்துக்கொண்டிருந்தது அந்தத் தெளிந்த முகத்திடமிருந்துதான்.

இப்போது அவன் தெளிந்திருந்தான்.

மகள் போரா வாய் நிறையக் கொழுக்கட்டையோடு பக்கத்தில் வந்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கோவமாப்பா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் தூரத்துக்கு மன்சிக் தன் அப்பாவிடம் ஒரு நாளும் போனதில்லை. போரா அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றான். "பயமா இருக்கு."

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. அந்தக் கோப்பையை எடுத்தார். மூத்த மகன் குடிக்காமல் தான் வாய் வைக்கக் கூடாது என்பதையும் மறந்து, அண்ணனின் படத்தை ஏறிட்டுப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தார்.